வியாபாரப் படிப்பும் நம் பிள்ளைகளும்

(வணிகவியல் மாணவர்களும் அவர்கள் பெற்றோர்களும் கூடியிருந்த கூட்டமொன்றில் பேசியது)



பி.காம்., பி.பி.ஏ. முதலிய வியாபாரப் படிப்புப் படிக்கும் மாணவர்களும், அவர்களைப் படிக்க வைக்கும் பெற்றோர்களும் இன்று ஒன்றாக வந்திருக்கிறீர்கள். காலேஜில் கழிக்கும் மூன்று வருஷத்தை எப்படி முழுப் பிரயோஜனப்படுத்திக் கொள்வது என்பதைப் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாம் காலேஜில் படித்துப் பட்டம் பெற்றவர்களல்ல. மண்டியில் சிட்டையும் பேரேடும் எழுதி, இரவில் வாசகசாலையில் படித்துத் தெரிந்துகொண்ட கொஞ்சத்தைத்தான் சொல்லப் போகிறோம். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இந்தக் கொட்டகையிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

தோழர்களே! முதலில் ஒரு கேள்வி. இந்தப் படிப்பு யாருக்கு அதிகம் தேவை? கடை வைத்திருப்பவர் மகனுக்கா, கடையில் மூட்டை தூக்குகிறவர் மகனுக்கா?

நம் நாட்டில் வியாபாரம் என்பது வெகுகாலம் வரை புஸ்தகத்தில் படிக்கும் வித்தையாக இருந்ததில்லை. அது தகப்பனிடமிருந்து மகனுக்கும், மாமனிடமிருந்து மருமகனுக்கும் போய்க்கொண்டிருந்த வித்தை. உதாரணமாக, நாட்டுக்கோட்டை நகரத்தார்களை எடுத்துக்கொள்ளுங்கள். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் அவர்கள் கடை வைத்து நடத்திய காலத்தில், பையன் சிறு வயதிலேயே பெட்டியடிப் பையனாக உட்காருவான். பிறகு அடுத்தாளாவான். பிறகு மேலாளாகிக் கடையையே நடத்துவான். கணக்கு, வட்டி, நாணயம், ஆளைப் பார்த்துக் கடன் கொடுப்பது எல்லாம் பெட்டியடியிலேயே படிந்துவிடும். இதை நாம் குறையாகச் சொல்லவில்லை. மெத்த மெச்சியே சொல்லுகிறோம். உலகத்தில் எந்த வியாபாரப் பள்ளிக்கூடமும் அதைவிடத் திறமையாகச் சொல்லிக் கொடுத்துவிட முடியாது.

ஆனால் அந்தப் பெட்டியடியில் உட்கார யாருக்கு இடம் கிடைத்தது? அந்த இனத்தில், அந்த உறவில் பிறந்தவனுக்குத்தானே? மூட்டை தூக்கினவன் முப்பது வருஷம் அதே மண்டியில் தூக்கினாலும் கல்லாப்பெட்டியின் பக்கம் அவன் மகனை யார் உட்கார வைத்தார்கள்? புத்தி இல்லாததாலா வைக்கவில்லை? பிறவி இல்லாததால் வைக்கவில்லை. பெண் பிள்ளைகளைப் பற்றியோ பேச்சே இல்லை. கடைக்காரர் வீட்டுப் பெண்ணுக்குக்கூடக் கடையில் இடமில்லை.

இப்படிப் பூட்டி வைத்த வித்தை எப்படி வெளியில் வந்தது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய சங்கதி. 1494-ல் இத்தாலி தேசத்து வெனிஸ் நகரத்தில் லூக்கா பசியோலி என்பவர் ஒரு கணித நூலை அச்சிட்டார். அதில் ஒரு பகுதி, வெனிஸ் வியாபாரிகள் எழுதி வந்த இரட்டைப் பதிவுக் கணக்கு முறையைப் பற்றியது. முறையைக் கண்டுபிடித்தவர் அவரல்ல. வியாபாரிகள் ஏற்கனவே கையாண்டு வந்ததை அவர் ஒழுங்காக எழுதி அச்சில் ஏற்றினார், அவ்வளவுதான். அவர் ஒரு கிறிஸ்தவத் துறவி. ஆனால் அந்தப் பகுதியில் அவர் விளக்கியது மோட்சத்துக்கு வழியல்ல, பற்று வரவுக்கு வழி. அச்சில் ஏறியவுடன் என்ன ஆயிற்று? வியாபாரி வீட்டில் பிறக்காதவனும் அந்த முறையைப் படித்துத் தெரிந்துகொள்ளலாமென்று ஆயிற்று.

பிறகு 1881-ல் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்துச் சர்வகலாசாலையில் வார்ட்டன் பள்ளி ஏற்பட்டது. 1913-ல் பம்பாயில் சிடன்ஹாம் காலேஜ் ஏற்பட்டது. இன்று தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லா ஊர்க் கலைக் கல்லூரிகளிலும் வணிகவியல் இருக்கிறது. ஆகவே தோழர்களே, காலேஜ் என்பது என்ன? பெட்டியடியில் இடம் கிடைக்காதவர்களுக்காக ஏற்பட்ட பெட்டியடி அது. கடைக்காரர் மகன் காலேஜில் தூங்கினாலும் சாயங்காலம் தகப்பனார் கடையில் கற்றுக்கொள்வான். உங்கள் வீட்டில் அந்தக் கடை இல்லை. நீங்கள் காலேஜில் தூங்கினால் வேறு எங்கே போய்க் கற்றுக்கொள்வீர்கள்?

நிற்க, இன்று நம் பிள்ளைகள் அங்கு என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். வருகைப் பதிவுக்காகப் போய் உட்காருகிறார்கள். பரீட்சைக்கு முதல் வாரம் கைடு வாங்கி உருப்போடுகிறார்கள். கடைசி வருஷத்தில் ப்ராஜெக்ட் என்று ஒன்று கேட்டால், ஜெராக்ஸ் கடையில் யாரோ எப்போதோ எழுதியதை வாங்கி, பெயரை மாற்றிக் கட்டுப் போட்டுக் கொடுக்கிறார்கள். அந்த அறிக்கையில் வியாபாரம் படிக்கும் மாணவன் செய்த ஒரே வியாபாரம் அதைக் காசு கொடுத்து வாங்கியதுதான்! இதற்கும் அர்த்தம் தெரியாமல் மந்திரம் சொல்லுவதற்கும் என்ன பேதம்? புரோகிதருக்காவது சொன்னதற்குத் தட்சணை கிடைக்கிறது. இவர்களோ தட்சணையும் கொடுத்துவிட்டு மந்திரத்தையும் மறந்துவிட்டு வருகிறார்கள்.

படிப்பு என்றால் என்ன, படித்தவனுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதற்கு இரண்டு கணக்குச் சொல்லுகிறோம். பெற்றோர்களும் கவனித்துக் கேளுங்கள்.

நம் ஊர்களில் தண்டல்காரர் கடன் கொடுப்பது எல்லோருக்கும் தெரியும். 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு, 1,500 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு, 8,500 ரூபாயைக் கையில் கொடுப்பார். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். என்ன வட்டி ஐயா என்றால், “நூற்றுக்குப் பதினைந்துதான்” என்பார். வாங்குகிறவரும் பாங்கியில் 12, இங்கே 15, வித்தியாசம் மூன்றுதானே என்று நினைத்துக்கொள்வார். பாங்கியில் சொல்லும் 12 ஒரு வருஷத்துக்கு. இவர் சொல்லும் 15 நூறு நாளைக்கு. மேலும், அந்த 8,500 ரூபாய் நூறு நாளும் நம் கையில் இருக்கிறதா? மறுநாளிலிருந்தே குறைந்துகொண்டு வருகிறது. முதல் நாள் 8,500, கடைசி நாள் ஒன்றுமில்லை. சராசரி பார்த்தால் நாம் அனுபவித்த கடன் சுமார் 4,500 ரூபாய்தான். 4,500 ரூபாய்க்கு நூறு நாளைக்கு 1,500 ரூபாய் வட்டியென்றால் மூன்றில் ஒரு பங்கு. வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் நூற்றுக்கு 120-க்கு மேல் போகிறது! அநியாய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ல் சட்டமே செய்தார்கள். ஆனால் வட்டி எவ்வளவென்றே கண்டுபிடிக்கத் தெரியாதவனுக்குச் சட்டம் இருந்து என்ன பயன்? பி.காம். படிக்கும் மகன் இருக்கும் வீட்டில் தாயார் இந்தக் கடனை வாங்குகிறார், மகனும் கூட இருந்து கையெழுத்துப் போடுகிறான் என்றால், அந்தப் படிப்பு எந்த மூலையில் கிடக்கிறது?

இரண்டாவது, காலேஜ் வாசலிலுள்ள டீக்கடை. புருஷனும் பெண்சாதியும் நடத்துகிறார்கள். தினம் 300 டீ, ஒன்று 12 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 3,600 ரூபாய் வரவு. பால், தூள், சர்க்கரை, காஸ் 2,100. வாடகை, மின்சாரம் 400. மீதி 1,100. “தினம் 1,100 ரூபாய் இலாபம், உத்தியோகஸ்தனைவிட மேல்” என்று ஊரார் சொல்லுவார்கள். ஆனால் விடியற்காலையிலிருந்து இரவு வரை இரண்டு பேர் நின்று உழைத்திருக்கிறார்களே, அந்தக் கூலி எங்கே? ஆளுக்கு 500 ரூபாய் வைத்தால் 1,000 ரூபாய் போய்விட்டது. இலாபம் 100 ரூபாய். அதிலும் கடன் சொல்லிப் போனவர் எத்தனை பேர்? போட்ட முதலுக்கு வட்டி எங்கே? அவர் முதலாளி அல்ல. தன் கடையில் தானே கூலிக்கு நிற்கிறார். இதை அவருக்குப் புரியும்படி எடுத்துச் சொல்லி, மாலையில் வேறு என்ன பண்டம் சேர்த்து விற்றால் அதே வாடகைக்கு வரவு கூடும் என்று யோசனை சொல்லத் தெரிந்தவன்தான் வியாபாரம் படித்தவன். அடக்கவிலை, நிலைச் செலவு, மாறும் செலவு என்று உங்கள் பாடத்தில் உள்ளது இதுதான். வேறல்ல.

ஆகவே நம் முதல் யோசனை, பாடத்தில் படித்த ஒவ்வொன்றையும் அந்த வாரமே தெருவில் தேடிப் பாருங்கள் என்பதே. தேய்மானம் படித்தால் உங்கள் ஊர் ஆட்டோக்காரரிடம் போய், வண்டி வாங்கிய விலையென்ன, இன்று விற்றால் என்ன வரும் என்று கேளுங்கள். சரக்கிருப்புப் படித்தால் மளிகைக் கடையில் எந்தச் சாமான் எத்தனை நாளில் தீர்கிறது என்று கேளுங்கள்.

இரண்டாவது, வாசகசாலையை உபயோகப்படுத்துங்கள். கைடு அல்ல, மூலப் புஸ்தகம். அன்றியும், பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகளெல்லாம் வருஷா வருஷம் தங்கள் கணக்கை அச்சிட்டு வெளியிட வேண்டும். அதை இன்று காசில்லாமல் யாரும் கைபேசியிலேயே எடுத்துப் படிக்கலாம். 1946-ல் திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கியதுதான் எம்.ஆர்.எஃப். கம்பெனி. இன்று அதன் ஆண்டறிக்கையை ஒரு விவசாயக் கூலியின் மகள் தன் வீட்டுத் திண்ணையிலிருந்து படிக்க முடியும். இது சாமானிய சௌகரியமா? வருஷத்துக்கு இரண்டு கம்பெனி அறிக்கை போதும். இருப்புநிலைக் குறிப்பு, இலாப நஷ்டக் கணக்கு, ரொக்க ஓட்டம், தணிக்கையாளர் சொல்லும் குறை, இவற்றை ஆசிரியரிடம் கேட்டுக் கேட்டுப் படியுங்கள். மூன்று வருஷத்தில் ஆறு கம்பெனி தெரிந்தவனாவீர்கள். வேலைக்குக் கேள்வி கேட்பவர் முன் வாய் அடைக்காது.

மூன்றாவது, ஆசிரியரைக் கேள்வி கேளுங்கள். நம் பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்பதென்றால் மரியாதைக் குறைவு என்று ஒரு எண்ணம். அதுவும் இங்கிலீஷில் கேட்க வேண்டுமே என்று ஒரு பயம். தமிழில் கேளுங்கள்! விஷயம் தமிழில் புரிந்துவிட்டால் இங்கிலீஷ் வார்த்தை பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும். விஷயம் புரியாமல் வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டவன்தான் கடைசிவரை பயப்படுகிறான். ஆனால் இங்கிலீஷே வேண்டாமென்று நாம் சொல்லுவதாக எண்ணிவிடாதீர்கள். வியாபாரத்துக்கு அது வேண்டும். தினம் அரைமணி நேரம் ஒரு பத்திரிகையின் வியாபாரப் பக்கத்தை வாய்விட்டுப் படித்தால் மூன்று வருஷத்தில் வந்துவிடும்.

நான்காவது, கதவுகள் எங்கெங்கே திறந்திருக்கின்றன என்று விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். பட்டயக் கணக்காளர் கழகம் 1949-ல் சட்டத்தின் மூலம் ஏற்பட்டது. வணிகவியலில் நூற்றுக்கு 55 வாங்கிய பட்டதாரி அதன் முதற்பரீட்சையை எழுதாமலே இரண்டாம் படியான இன்டர்மீடியட்டில் சேரலாம். 2023-ல் வந்த புது ஏற்பாட்டின்படி தணிக்கையாளரிடம் பயிலும் காலமும் மூன்று வருஷத்திலிருந்து இரண்டாகக் குறைந்தது. பயிலும்போதே உதவித் தொகையும் உண்டு. இது பணக்காரர் பிள்ளைகளுக்கென்று யாரும் எழுதி வைக்கவில்லை. தெரியாததால் நாமே எழுதி வைத்துக்கொண்டோம். அதுபோலவே ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்களும், 2017-ல் வந்த ஸ்வயம் பாடங்களும் இலவசமாய்க் கேட்கக் கிடைக்கின்றன. தமிழ்நாடு சர்க்கார் 2022-ல் நான் முதல்வன் என்ற திட்டத்தைத் தொடங்கிக் காலேஜுக்குள்ளேயே தொழில் பயிற்சி கொடுக்க ஏற்பாடு செய்தது. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தபோது சிறு கடைக்காரர்களெல்லாம் கணக்குத் தாக்கல் செய்யத் தெரியாமல் திண்டாடினார்கள். அதைக் கற்றுக்கொண்டு செய்துகொடுத்த இளைஞர்கள் பிழைத்தார்கள். விடுமுறையில் ஒரு தணிக்கையாளர் ஆபீசிலோ, சிறு தொழிற்சாலையிலோ போய் உட்காருங்கள். காலேஜ் முதல்வரின் கடிதம் ஒன்று போதும். மாணவன் என்ற பெயருக்குத் திறக்கும் கதவு, பட்டம் வாங்கிய மறுநாள் வேலையற்றவன் என்ற பெயருக்குத் திறக்காது.

ஐந்தாவது, கூடப் படிப்பவர்களைச் சாதி பார்த்துச் சேர்த்துக்கொள்ளாதீர்கள். வியாபாரமென்பது பாதி பழக்கம். கடைக்கார இனங்கள் பலமாக இருப்பதற்குக் காரணம் ஒருவருக்கொருவர் சரக்கும் கடனும் சேதியும் கொடுத்துக்கொள்வதுதான். நமக்கு அப்படிப்பட்ட உறவு இல்லை. ஆனால் காலேஜில் நெசவாளி மகன், மீனவர் மகள், லாரி ஓட்டுகிறவர் மகன், கோழிப்பண்ணை வைத்திருப்பவர் மகள் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவருக்குச் சரக்குத் தெரியும், ஒருவருக்குப் போக்குவரத்துத் தெரியும், ஒருவருக்குச் சந்தை தெரியும். இவர்களை விட்டுவிட்டுத் தன் சாதிக்காரன் எந்த வகுப்பில் இருக்கிறான் என்று தேடிப் போகிறவன், வீட்டிலிருந்த கிணற்றுக்குள்ளேயே திரும்பப் போய் விழுகிறான்.

பெண் பிள்ளைகளுக்கும் இதையே சொல்லுகிறோம். சர்க்கார் பள்ளியில் படித்து மேற்படிப்புக்கு வந்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-லும், ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கின. இப்படிப் பொதுப்பணத்தில் படிக்க வைத்துவிட்டு, கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள பி.காம். என்றால், அதைவிட வீண் செலவு வேறு உண்டா? பெற்றோர்களே! பாத்திரம் பண்டம் சேர்ப்பதைவிட, மகள் தன் பெயரில் பாங்கிக் கணக்கும், தன் கையில் ஒரு தொழிலும் வைத்திருப்பது அவளுக்குக் காவல்.

நிற்க, இரண்டு பள்ளங்களையும் காட்டிவிடுகிறோம். ஒன்று, கைபேசியில் பங்கு பேரம். நாலு நாளில் லட்சாதிபதி என்று யாரோ சொன்னதை நம்பி, படிப்புப் பணத்தையே எஃப் அண்ட் ஓ என்னும் ஊக பேரத்தில் போடுகிறார்கள். செபி என்னும் சர்க்கார் கண்காணிப்பு வாரியம் 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆராய்ச்சிப்படி, அதற்கு முந்திய மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனி ஆட்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டமடைந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இது தெரிந்தும் “என் ஜாதகம் எழுவரில் ஒருவன்” என்று இறங்குகிறவனுக்கும், ராசிக்கல் மோதிரம் போட்டால் கடை நடக்குமென்று நம்புகிறவனுக்கும் நாம் பேதம் காணவில்லை. நல்ல நேரம் பார்க்காமல் திறந்த கடை எங்கே இருக்கிறது? அப்படியிருந்தும் மூடிய கடைகள் எத்தனை! மற்றொன்று, ஆளைச் சேர்த்தால் பணம் என்னும் சங்கிலி வியாபாரம். சரக்கை விற்று வரும் இலாபமா, சேருகிறவர் கட்டும் பணத்தைப் பங்கிடுவதா என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வராத இடத்தில் எழுந்து வந்துவிடுங்கள்.

“ஜி.டி. நாயுடு காலேஜில் படித்தா பெரிய மனிதரானார்?” என்று சிலர் கேட்கிறார்கள். வாஸ்தவம், படிக்கவில்லை. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ் விட்டுத் தொடங்கியவர் அவர். ஆனால் அவர் சும்மா இருந்து பெரியவராகவில்லை. மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டுப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். அப்படிப்பட்டவரே 1945-ல் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழில் கல்வி நிலையம் ஏற்படப் பொருளுதவி செய்தார். படிப்பு வீணென்று அவர் நினைத்திருந்தால் பணம் கொடுத்திருப்பாரா? அவர் எந்திரத்தைப் பிரித்துப் பார்த்தார். நீங்கள் கணக்கைப் பிரித்துப் பாருங்கள் என்றுதான் சொல்லுகிறோம்.

கடைசியாக ஒன்று. நீங்கள் படிக்கும் படிப்புக்கு உங்கள் தகப்பனார் கட்டும் சம்பளம் மட்டும் முதலல்ல. சர்க்கார் காலேஜானாலும் சர்க்கார் உதவி பெறும் காலேஜானாலும், சோப்பு வாங்கி வரி கட்டும் ஒவ்வொருவரும் உங்களுக்கு முதல் போட்டிருக்கிறார்கள். இரட்டைப் பதிவில் பெறுகிறவர் பெயரில் பற்று எழுத வேண்டுமென்று முதல் வருஷத்திலேயே படித்திருக்கிறீர்கள் அல்லவா? உங்கள் பெயரில் அந்தப் பற்று எழுதியிருக்கிறது.

அதை எப்படித் தீர்ப்பது? ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் உங்கள் ஊரில் கிராமசபை கூடுகிறது. ஊராட்சியின் வரவு செலவை அங்கே வைக்கிறார்கள். யாரோ படிக்கிறார்கள், யாரோ தலையாட்டுகிறார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஏன் யாரும் கேட்பதில்லை? கணக்குப் பார்க்கத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அடுத்த கிராமசபைக்குப் போங்கள். தெருவிளக்குக்கு எவ்வளவு, குடிதண்ணீர்க் குழாய்க்கு எவ்வளவு, ரசீது எங்கே என்று மரியாதையாய், ஆனால் விடாமல் கேளுங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் உங்கள் தாயார் அங்கத்தினராயிருந்தால் அதன் கணக்கையும் படித்துச் சொல்லுங்கள். அன்றைக்குத்தான் மூட்டை தூக்கினவர் பிள்ளை கல்லாப்பெட்டியின் பக்கம் வந்துவிட்டான் என்று நாம் நம்புவோம்.